சொந்தக்காரர் இல்லாத கடற்கரை

ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் நான் ஒரு விஷயத்தை வேதவாக்காக நம்பியிருந்தேன். தமிழர் ஒருவர் பயணம் போகிறார் என்றால், போகிற இடத்தில் சொந்தக்காரர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். சொந்தக்காரர் இல்லாத ஊருக்குப் போக ஒருவர் ஆசைப்பட்டால், அங்கே வேறு யாரோ இருக்கிறார் என்று அர்த்தம். இந்த அரிய கண்டுபிடிப்பை வைத்துக்கொண்டு, கட்டிய மனைவியை நான் ஒரு மாதம் முழுவதும் சந்தேகப்பட்டேன். சிரிக்காமல் கேட்பீர்கள் என்றால் சொல்கிறேன். சிரித்தாலும் பரவாயில்லை, எங்கள் வீட்டில் எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

போன வருடம் மார்ச் மாதம். ரொறன்ரோவின் கிழக்குப் பக்கம், ரூஜில் எங்கள் வீடு. வாசலில் தள்ளிக் குவித்த பனி கறுத்துப்போய், கரையவும் மனமில்லாமல் இருக்கவும் மனமில்லாமல் கிடந்த ஒரு சனிக்கிழமை காலை. ஃபர்னஸ் திருத்துவது என் தொழில். ஒஷாவாவில் ஒரு வீட்டுக்கு அவசரமாகப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். மனைவி குசினி மேசையில் டேப்லெட்டை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சப்பாத்தைக் கழற்றும் சத்தம் கேட்டதும் அதை டக்கென்று குப்புறக் கவிழ்த்தாள். கல்யாணமாகி இருபத்து நான்கு வருடத்தில் அவள் என் கண்முன்னால் அப்படிக் கவிழ்த்துப் போட்டது தோசையை மட்டும்தான்.

அவள் உடுப்பு மடிக்க மேலே போனதும், நான் அதை நிமிர்த்திப் பார்த்தேன். நீலக் கடல். கடலைப் பார்த்தபடி ஒரு பல்கனி. பல்கனிக்குப் பின்னால் ஒரேயொரு பெரிய கட்டில். மேலே கொட்டை எழுத்தில், இரண்டு பேர், பத்து இரவு, ஜூன் மாதம். ஊரின் பெயர் அலிகான்டே. வயிற்றுக் கோளாறுக்குக் குடிக்கிற மருந்தின் பெயர் போல இருந்தது. தேடிப் பார்த்தேன். ஸ்பெயினில், மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு நகரமாம். கடற்கரையோடு ஈச்சமர வரிசை, மலைமேல் ஒரு பழைய கோட்டை.

எங்கள் பயண வரலாற்றை நீங்கள் தெரிந்துகொண்டால்தான் எனக்கு ஏன் வியர்த்தது என்பது விளங்கும். லண்டனுக்குப் போனோம், பெரியம்மாவின் மகளின் கல்யாணம். சூரிச்சுக்குப் போனோம், ஒரு பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு. ஒஸ்லோவுக்குப் போனோம், செத்தவீடு. பாரிஸுக்கு மூன்று தடவை போனோம், அங்கே என் தங்கை இருக்கிறாள். மூன்று தடவையும் ஐஃபல் கோபுரத்தை மீன் வாங்கப் போகிற வழியில் காருக்குள் இருந்து பார்த்தோம். எந்த ஊருக்குப் போனாலும் யாரோ ஒருவரின் ஹோலில் பாய் விரித்துப் படுப்போம். விடியக் காலையில் மனைவி எழும்பி அந்த வீட்டுக்காரியோடு சேர்ந்து வெங்காயம் வெட்டுவாள். நான் அந்த வீட்டுக்காரரோடு சேர்ந்து நாட்டு நிலைமை கதைப்பேன். இதற்குத்தான் நாங்கள் விடுமுறை என்று பெயர் வைத்திருந்தோம்.

அப்படிப்பட்டவள் அலிகான்டேக்கு ஏன் போக வேண்டும்? என் பக்கம், அவள் பக்கம், கொடுத்த பக்கம், எடுத்த பக்கம் என்று எல்லாப் பக்கத்தையும் மனதுக்குள் புரட்டினேன். அந்த ஊரில் எங்களுக்கு ஒரு குஞ்சு குருமான்கூட இல்லை.

அதற்குப் பிறகு வீட்டில் எதைப் பார்த்தாலும் எனக்கு அத்தாட்சியாகத்தான் தெரிந்தது. லீக்ஸ் வெட்டும்போது போனைப் பக்கத்தில் வைத்து ஸ்பானிய மொழி பழகினாள். ஒரு பெண் குரல் சொல்லச் சொல்ல, இவளும் "ஒரு கோப்பி, தயவுசெய்து" என்று அந்தப் பாஷையில் திருப்பிச் சொன்னாள். என்னிடம் அவள் எந்தப் பாஷையிலும் தயவுசெய்து என்று சொன்னதில்லை.

ஆளும் கிடைத்துவிட்டார். யூனியன்வில்லில் ஒரு கண் கிளினிக்கில் மனைவிக்கு முன்மேசையில் வேலை. அங்கே கண்ணாடி அளவெடுத்துப் பொருத்துகிறவர் ஒரு ஸ்பானியர். மாசி மாதம் ஒருநாள் சாப்பிடும்போது அவள் சொன்னது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"எங்கடை கிளினிக்கிலை வேலை செய்யிற ஸ்பெயின்காரர் இருக்கிறாரெல்லே, அவரின்ரை அம்மாவின்ரை ஊர் கடலோடையாம். அந்தாள் நல்ல வடிவாய்க் கதைக்கும்."

அன்றைக்கு நான் அதைக் கேட்டுவிட்டு இன்னொரு மீன்துண்டு போட்டுச் சாப்பிட்டிருக்கிறேன். அந்த மீனின் முள் ஒரு மாதம் கழித்து இப்போது தொண்டையில் குத்தியது.

அடுத்த ஞாயிறு பூசையில் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தேன். காணாமற்போனதைத் தேடித் தருவதற்குத்தான் எல்லோரும் அவரிடம் போவார்கள். நான் ஒருவரைக் காணாமற்போகச் செய்யும்படி கேட்டேன். புனிதர் குழம்பிப் போயிருப்பார்.

இதற்கிடையில் மேசைத் துணிகள் வைக்கிற லாச்சியில், துணிகளுக்கு அடியில், பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு கடதாசியையும் கண்டுபிடித்தேன். எதையும் அச்செடுத்து உறையில் போட்டு வைப்பது அவள் பழக்கம். அறைப் பதிவுதான். ஆனால் எழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தேன், கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன், ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இரண்டு பெயர் இருந்தது தெரிந்தது. முதலாவது அவளுடைய பெயர் என்று ஒரு மாதிரி ஊகித்தேன். இரண்டாவது மிகவும் நீளமான பெயர். ஸ்பானியர்களுக்குத்தான் பெயர் நீளம் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். ஆகவே முடிவு கட்டினேன். இப்படி முடிவு கட்டியது யார் என்று பாருங்கள். கடவுச்சீட்டில் தகப்பன் பெயரையும் சேர்த்து ஒரு முழு வரியை அடைத்துக்கொண்டிருக்கிற யாழ்ப்பாணத்தான்.

யாருக்கும் சொல்லக் கூடாது என்று மனதுக்குள் சத்தியம் பண்ணினேன். சத்தியம் இரண்டு நாள் தாக்குப்பிடித்தது. மூன்றாம் நாள் வேலைக்கு ஓட்டுகிற வானுக்குள் இருந்தபடி பாரிஸுக்குத் தங்கையை அழைத்தேன்.

"பிள்ளை, சும்மா ஒரு பொது அறிவுக்குக் கேக்கிறன். அலிகான்டே எண்ட ஊரிலை எங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"அது எங்கை அண்ணை கிடக்கு?"

"ஸ்பெயினிலை. கடற்கரைப் பக்கம்."

மறுபக்கம் மூன்று விநாடி மௌனம். என் தங்கை மூன்று விநாடி மௌனமாக இருந்தால் மூன்று நாட்டுக்குச் செய்தி போகப்போகிறது என்று அர்த்தம்.

"ஏன், அண்ணி அங்கை வாறாவோ?"

"சீச்சீ, ஆர் சொன்னது? ஜூனிலை அங்கை வெய்யில் எப்பிடி எண்டு..."

"ஜூனிலையோ!"

துப்பறியப் போனவன் நான். நாட்டையும் ஊரையும் மாதத்தையும் வாக்குமூலமாகக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்து எதிரியை நேரில் பார்க்க வேண்டும். மகள் மூன்று வருடமாக, "அப்பா, யூ நீட் கிளாஸஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கண் நன்றாகத்தான் இருக்கிறது, கைதான் நீளம் காணாது என்று நான் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன். இப்போது அது நல்ல சாட்டாகப் போனது. மனைவிக்கு லீவு நாளான ஒரு புதன்கிழமை அவளுக்குச் சொல்லாமல் கிளினிக்குக்குப் போனேன். கண் வைத்தியர் சோதித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு காலமும் எப்படி வான் ஓட்டினீர்கள் என்று கேட்கவில்லை, ஆனால் கேட்கிற மாதிரிப் பார்த்தார். பிறகு என்னை அவரிடம் அனுப்பினார்.

அந்த ஸ்பானியருக்குத் தலை நிறைய முடி. அது ஒன்றே போதும் எனக்கு. அவர் எனக்கு முன்னால் குனிந்து, இரண்டு கண்ணுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்தார். முகத்துக்குக் கிட்டவாக நல்ல வாசம் வேறு. என் பெயரைக் கணினியில் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, நீங்களா அவருடைய கணவர் என்று கேட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு நினைவு வந்தவர்போல வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பை அப்படியே படம் பிடித்து நீதிமன்றத்தில் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. கடைசியில் அவரே ஒரு பிரேமைத் தேர்ந்தெடுத்து என் முகத்தில் மாட்டிவிட்டுக் கண்ணாடியைக் காட்டினார். நான் நன்றாக இருந்தேன். எதிரியின் தேர்வில் நன்றாக இருப்பதைப் போல வயிற்றெரிச்சல் வேறு இல்லை.

ஒரு கிழமையில் மூக்குக்கண்ணாடி தயாராகி வந்தது. கொண்டுவந்தவள் என் மனைவியேதான். அவள் வேலை செய்கிற இடத்துக்குக் களவாகப் போனால் அவளுக்குத் தெரியாமல் இருக்கும் என்று நான் எப்படி நினைத்தேனோ தெரியவில்லை.

"இஞ்சாருங்கோ, களவாய்க் கண் காட்டப் போனியளாமே. கேட்டா நானே கூட்டிக்கொண்டு போயிருப்பனெல்லே?"

"உமக்கேன் கரைச்சல் எண்டு..."

அவளே என் முகத்தில் மாட்டி, ஓரத்தைச் சரிப்படுத்தி, இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள். "வடிவாய்த்தான் இருக்கு. அந்தாளுக்கு ரேஸ்ற் இருக்கு" என்றாள். போட்டிருந்த கண்ணாடி ஆவியடித்துப் புகையேறியது.

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும், நேரே லாச்சிக்குப் போனேன். கடதாசியை உறையிலிருந்து உருவினேன். எறும்புகள் எல்லாம் வரிசையாக நின்றன. முதலாவது பெயர் அவளுடையதுதான். இரண்டாவது பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். என் தகப்பனாரின் பெயர். அதற்குப் பக்கத்தில் என் பெயர்.

ஒரு மாதமாக நான் எவனுடைய கழுத்தை நெரிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேனோ, அவன் நான்தான்.

உறைக்குள் இன்னொரு தாள் இருந்தது. அவளுடைய கையெழுத்து. அந்த ஸ்பானியர் சொன்ன இடங்களைக் கேட்டு எழுதியிருக்கிறாள். காலையில் கடலோரம் நடப்பது. மத்தியானம், ஒண்டும் செய்யிறேல்லை. இதற்குக் கீழே இரண்டு தரம் கோடு. பின்னேரம் மலைக்கோட்டை. அதற்குப் பக்கத்தில் சின்னதாக, "படி கனக்கவாம். இவருக்கு முழங்கால் நோகும். லிஃப்ற் இருக்கோ எண்டு கேக்கவேணும்." அதற்குக் கீழே வேறு நிற மையில், "லிஃப்ற் இருக்காம்."

தரையில் உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்சம் அழுதும் இருப்பேன், புதுக் கண்ணாடி என்பதால் எது ஈரம் எது வெளிச்சம் என்று சரியாகத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது. பாரிஸ்.

"அண்ணை, நீங்கள் பெரிய கள்ளன்! எங்களுக்கு ஒளிக்கலாம் எண்டு நினைச்சியளோ? நாங்கள் எல்லாரும் ரிக்கெற் போட்டாச்சு. பதினொரு பேர். பெரிய வீடு, கடலுக்கு ரெண்டு தெரு, குசினி ஹோல் மாதிரி. லண்டனிலை இருந்து மாமியும் வாறா. இடியப்ப உரல் நான் கொண்டுவாறன், புட்டுக் குழல் மட்டும் நீங்கள் மறக்காமல் கொண்டுவாங்கோ."

அன்று பின்னேரம் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் கோப்பை துடைத்துக்கொண்டே நின்று கேட்டாள். ஸ்பானியரின் பகுதி வந்ததும் துடைத்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, கதிரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அந்தாளுக்கு இருபத்தொன்பது வயசப்பா!" என்றாள். இனி எல்லாம் சரி என்று நினைத்து, அந்தத் துணிச்சலில் பதினொரு பேரின் கதையையும் சொன்னேன்.

சிரிப்பு நின்றது. இருபத்து நான்கு வருடத்தில் அவள் என்னை ஏசியிருக்கிறாள், முறைத்திருக்கிறாள், அகப்பையால் மேசையில் அடித்திருக்கிறாள். அப்படி ஒரு அமைதியை நான் கண்டதில்லை.

"எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லாத ஊராய் ரெண்டு மாசம் தேடினனான்" என்றாள். "ஒருத்தருக்கும் தேத்தண்ணி ஊத்தாமல், ஒருத்தற்றை முகத்தையும் பாத்து நடக்காமல், நாங்கள் ரெண்டு பேரும் பத்து நாள் சும்மா இருப்பம் எண்டு."

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"உங்களுக்குச் சொல்லுறதும் குடும்பக் குரூப்பிலை போடுறதும் ஒண்டுதான். பயணத்துக்கு முதல்நாள் சொல்லுவம் எண்டிருந்தன். இப்ப பாத்தியளே?"

நான் வீரத்தோடு போனை எடுத்தேன். வராதே என்று தங்கைக்குச் சொல்லிவிடுகிறேன் என்றேன். தங்கை லண்டன் மாமியையும் இணைப்பில் சேர்த்துவிட்டாள். எண்பது வயது மாமி, "தம்பி, சாகிறதுக்கு முதல் உன்னை ஒருக்காப் பாக்கக் கிடைக்குதடா" என்றார். "ஓம் மாமி, ஓம், வாங்கோ மாமி, கட்டாயம் வாங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்தேன். எங்கள் குடும்பத்தில் வராதே என்ற சொல்லை யாரும் இன்னும் பழகவில்லை.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு டேப்லெட்டை எடுத்தாள்.

"சரி. நீங்கள் அலிகான்டேக்குப் போங்கோ."

"அப்ப நீர்?"

"நான் கடலுக்குப் போறன்."

சொன்னபடியே செய்தாள். அறையை மாற்றி, அதே கடற்கரையில் வடக்கே தள்ளி, தாராகோனா என்ற ஊரில் தனக்கு ஓர் அறை போட்டாள். அங்கேயும் ஒரு கட்டில், இரண்டு தலையணை, கடலைப் பார்த்த பல்கனி. சொந்தக்காரரிடம், அவளுக்கு லீவு கிடைக்கவில்லை என்று சொல்வதாக ஏற்பாடு. அந்தப் பொய்யைப் பத்து நாள் சுமக்கும் பொறுப்பு என்னுடையது. மகள் மட்டும், "அம்மா இஸ் கோயிங் சோலோ? லெஜன்ட்!" என்று தன் நல்ல தோள்பையைத் தாய்க்குக் கொடுத்தாள். எனக்குப் புட்டுக் குழலைக் கடதாசியில் சுற்றித் தந்தாள்.

ஜூன் மாதம் அலிகான்டேயில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அண்ணி வரவில்லை என்றதும் அண்ணியின் இடத்துக்கு ஆள் தேவைப்பட்டது. பதினொரு பேருக்கு விடியற்காலைத் தேத்தண்ணி, பதினொரு மணித் தேத்தண்ணி, படுத்தெழும்பினால் தேத்தண்ணி, கடலில் குளித்துவிட்டு வந்தால் தேத்தண்ணி. நான் வெங்காயம் வெட்டினேன், இடியப்பம் பிழிந்தேன், மாமிக்குத் தனியாக உறைப்பில்லாத சொதி வைத்தேன். "பாவம் அண்ணி, அங்கை வேலை வேலை எண்டு முறியிறா" என்று தங்கை கவலைப்பட்டாள். நான் தலையைக் குனிந்து வெங்காயத்தைப் பார்த்தேன். மலைக்கோட்டைக்கு ஒருநாளும் போகவில்லை. அது குசினி ஜன்னலால் நன்றாகத் தெரிந்தது. லண்டனும் சூரிச்சும் ஒஸ்லோவும் பாரிஸும் மனைவிக்கு எந்த அளவில் தெரிந்திருக்கும் என்று, அந்த ஜன்னலின் நான்கு மூலையையும் பார்த்துப் பார்த்து விளங்கிக்கொண்டேன்.

அவள் நாளுக்கு ஒரு படம் அனுப்பினாள். ஒரு கதிரை. ஒரு செருப்புச் சோடி. ஒரு தட்டு, கரண்டி. கடலுக்கு மேலே நீட்டிய ஓர் இரும்புக் கம்பி வேலி; அந்த ஊர்க்காரர் நடந்துபோய் அந்தக் கம்பியைத் தொட்டுவிட்டுத்தான் திரும்புவார்களாம். ஒன்றிலும் ஆள் இல்லை. நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, அந்த ஸ்பானியர் தந்த கண்ணாடியைப் போட்டு, படத்தைப் பெரிதாக்கிக் கரண்டியின் பளபளப்பில் யாராவது தெரிகிறார்களா என்று தேடினேன். திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஐந்தாம் நாள் படத்தில் மேசையில் இரண்டு கோப்பிக் கோப்பை இருந்தது. எனக்கு இடியப்பம் இறங்கவில்லை. தாங்க முடியாமல், இரண்டாவது கோப்பை ஆருக்கு என்று எழுதிக் கேட்டேன்.

"அதுவும் எனக்குத்தான்" என்று பதில் வந்தது. "கோப்பி நல்லாயிருந்தது. அவசரமும் இல்லை."

திரும்பி வந்த பிறகு ஒருநாள், அந்தக் கம்பியை அவளும் தொட்டாளா என்று கேட்டேன். தினமும் இரண்டு தரம் தொட்டாளாம். ஒன்று தனக்கு; மற்றது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

இப்போதும் அவள் பேச்சுவாக்கில் "அங்கை" என்று தொடங்கினால் எனக்குள் ஒன்று சுருக்கென்று எரிகிறது. எந்த ஆணும் அதற்குக் காரணமில்லை. பெயரெல்லாம் அச்சடித்து, முழங்காலுக்கு லிஃப்ற்கூட விசாரித்து வைத்திருந்த அந்தக் கடதாசியிலிருந்த இரண்டாவது ஆள்மேல்தான் எனக்குப் பொறாமை. அவன் அந்தக் கடற்கரையில் அவளோடு நடந்திருக்க வேண்டியவன். நடந்தது என்னவென்றால், ரொறன்ரோவிலிருந்து மட்ரிட் வரைக்கும் ஏழு மணிநேரம் ஒரே விமானத்தில், பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்தோம். அவள் என் தோளில் சாய்ந்து நித்திரை கொண்டாள். இறங்கியதும் அவள் வடக்கே போகிற ரயிலில் ஏறினாள், நான் புட்டுக் குழலோடு தெற்கே போனேன்.